ஜன்னலோரம் தூங்கும் லூசியோ

ஜனவரி இருபத்து நான்காம் தேதி உச்சிப்பொழுதில் எதை வாங்கிக் கையில் வைத்துப் புகை காட்டுகிறோமோ, அது அந்த வருஷம் முடிவதற்குள் நிஜமாகவே வந்து சேரும். எங்கள் லா பாஸில் பிறந்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வீடு வேண்டுமென்றால் விரல் நீளத்தில் ஒரு வீடு வாங்க வேண்டும். கார் வேண்டுமென்றால் தீப்பெட்டியளவு கார். பிள்ளை டாக்டராக வேண்டுமென்றால் தபால்தலை அகலத்தில் ஒரு பட்டச் சான்றிதழ். வாங்கின கையோடு பூசாரியிடம் ஓடி, சாம்பிராணிப் புகையில் காட்டி, பூவிதழ் போட்டு, ஒயின் தெளித்துக்கொண்டு வர வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் செய்தால்தான் பலிக்கும். ஒன்றரைக்குப் போய் நின்றால் கேட்டதைக் கொடுக்கிற எக்கெக்கோ சாமி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்.

இப்படிக் குட்டிச் சாமான் விற்கிற அலசீத்தா சந்தையில் கடை போட்டுக்கொண்டு தெல்ஃபினா விற்பது தானே வரைந்த தபால் அட்டை. அதிலும் என்ன படம் என்று நினைக்கிறீர்கள்? மழையில் நனைந்துகொண்டே மினிபஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். முகம் தெரியக்கூடாதென்று முகமூடி போட்டுக்கொண்டு அடுத்தவன் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறவன். வரிக்குதிரை வேஷத்தில் ஆடிக்கொண்டே ஜனங்களை ரோடு தாண்டிவிடுகிற இளவட்டங்கள். விடியற்காலையில் ஊதாச் சோளக் கஞ்சி ஊற்றுகிற அம்மாள். அடையாள அட்டை வாங்க மூன்று தெருவுக்கு நீளுகிற க்யூ. அத்தனையும் அச்சு அசல் எங்கள் ஊர். அந்தக் க்யூவில் நிற்பவர்களின் முதுகைப் பார்த்தே யார் எத்தனை மணி நேரமாக நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம், அப்படி ஒரு கை அவளுக்கு.

மற்ற நாட்களில் இவற்றைச் சுற்றுலாக்காரர்கள் வாங்குவார்கள், சர்ச் பக்கத்துக் கடைகளிலும் கேட்டு வாங்கி வைப்பார்கள். ஆனால் இருபத்து நான்காம் தேதி எவன் வாங்குவான்? க்யூவை வாங்கிப் புகை காட்டினால் வருஷம் பூராவும் க்யூவில் அல்லவா நிற்க வேண்டிவரும்?

தெல்ஃபினாவுக்கு இது தெரியாமல் இல்லை. நாற்பத்தைந்து வருஷமாக இதே ஊரில் இருக்கிறவள். சந்தைக்கென்று படங்களைத் தீப்பெட்டியளவுக்குச் சுருக்கி அச்சடித்து மேஜையில் பரப்புவாள், பெரிய அட்டைகளைப் பின்னால் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள், விற்கிறதோ இல்லையோ சாயங்காலம் வரை குந்தியிருப்பாள். உண்மையில் அவள் அங்கே வருவது ஒரே ஓர் அட்டைக்காக. அந்த அட்டையில் அவள் புருஷன் லூசியோ இருப்பான்.

லூசியோ ஆறு வருஷத்துக்கு முன் பிரேசிலில் சாவோ பாவ்லோவுக்குத் தையல் வேலைக்குப் போனவன். இரண்டே வருஷம், கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனான். முதல் வருஷம் வாராவாரம் போன் வந்தது. அடுத்த வருஷம் மாசம் ஒன்று. அதற்கப்புறம் அந்த நம்பரை அடித்தால் ஏதோ ஒரு பெண்குரல் போர்த்துகீசியத்தில் பேசிவிட்டுத் துண்டித்துக்கொண்டது. இருக்கிறானா, செத்தானா, போலீஸில் மாட்டினானா, ஒன்றும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் சாவோ பாவ்லோ வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் போய் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு வருவாள். அதுவும் முதல் இரண்டு வருஷம்தான். அப்புறம் கால் ஓய்ந்துவிட்டது.

ஓயாதது கை மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு புது அட்டை வரைவாள், அதில் ஊர்க்கூட்டத்துக்கு நடுவே எங்கேயாவது லூசியோவை வைத்துவிடுவாள். ஒரு வருஷம் கஞ்சிக் கடையில் ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷம் பாலத்தடியில் செருப்புத் தைக்கக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றான். இந்த வருஷம் மினிபஸ். காலை ஆறு மணிக்கு மேட்டிலிருந்து இறங்குகிற வண்டி, உள்ளே நசுங்கிக்கொண்டு பதினாறு பேர், கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர்களைக் கூவுகிற பெண், ஜன்னலோரத்தில் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற லூசியோ. வாயைப் பிளக்காமல் அவனுக்குத் தூங்கத் தெரியாது.

இவன் இந்த ஊருக்குள் இருக்கிறான், இந்த வண்டியில் இருக்கிறான், இப்படியே வரட்டும். அதுதான் அவள் வேண்டுதல். ஆனால் தன் கடைச் சாமானைத் தானே எடுத்துப் புகை காட்டினால் பலிக்காது. இன்னொருவர் வாங்கி, கையில் கொடுக்க வேண்டும். அந்த வேலையை வருஷா வருஷம் செய்வது பாசிலியா, லூசியோவின் தங்கை.

பாசிலியாவுக்கு நாற்பத்தொன்று. புருஷன் சுரங்கத்தில் செத்துப்போனான், பிள்ளை இல்லை. அண்ணியும் நாத்தியும் ஒரே வீட்டில் இரண்டு அறையில் இருக்கிறார்கள், சந்தையிலும் பக்கத்துப் பக்கத்துக் கடை. அண்ணிக்கு அட்டை, நாத்திக்குத் தகரத்தில் செய்த குட்டிச் சாமான்கள். வாய் மட்டும் பாசிலியாவுக்கு இரண்டு பேருக்கு உண்டானது. தெல்ஃபினா படம் வரையும்போது கஞ்சியும் கையுமாக வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நொட்டை சொல்வதென்றால் அவளுக்கு உயிர்.

"அண்ணி, முடிய கொஞ்சம் குறைச்சுப் போடுங்க. எங்கப்பாவுக்கு இந்த வயசுல முன்மண்டையில ஒண்ணும் கிடையாது."

"உன் அண்ணன் இதைக் கேட்டா உன்னைத் தொரத்தி அடிப்பான்."

"வந்து அடிக்கட்டுமே, வேணாம்னு யாரு சொன்னா."

அடுத்த வருஷம் தொப்பை போடச் சொன்னாள். எங்கள் வீட்டு ஆண்களுக்கெல்லாம் நாற்பதைத் தாண்டினால் தொப்பை வந்துவிடும் என்றாள். அதற்கடுத்த வருஷம் மீசையை எடுக்கச் சொன்னாள். பிரேசில் வெயிலில் எவன் மீசை வைத்துக்கொண்டிருப்பான் என்றாள். இந்த முறை மூக்குக்கண்ணாடி. தையல் வேலைக்குக் கண் கெடும் என்றாள். கண்ணாடி போட்டு முடித்ததும், இடது பக்கத்துக் கம்பியில் நீல நூல் சுற்றியிருக்கிற மாதிரிப் போடுங்கள், தையல்காரன் ஒடிந்த கண்ணாடியை நூலால்தானே கட்டுவான் என்று சொல்லிச் சிரித்தாள். தெல்ஃபினாவும் சிரித்துக்கொண்டே போட்டாள். ஆளில்லாமல் ஒருவனுக்கு வயசாக்கிக்கொண்டே போவது லேசான வேலை இல்லை. யாராவது இப்படி எடுத்துக் கொடுத்தால் கொஞ்சம் பாரம் குறைகிற மாதிரி இருந்தது.

"இதுதான் கடைசி" என்று டிசம்பரிலேயே பாசிலியாவிடம் சொல்லிவிட்டாள். "இந்த வருஷமும் வரலேன்னா நான் இனிமே வரைய மாட்டேன். தாரிஹாவுக்குப் போயிடறேன். எங்க அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அங்க குளிரு இல்ல, நாலு படி ஏறினா மூச்சு வாங்கறதில்ல. எனக்குப் போதும்."

பாசிலியா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அடுப்பில் ஏதாவது தீய்கிறது என்று அர்த்தம். தெல்ஃபினா உண்மையிலேயே போய் அடுப்பைப் பார்த்தாள்.

இருபத்து நான்காம் தேதி காலையில் தூறல். பத்து மணிக்கெல்லாம் பூங்காவில் கால் வைக்க இடமில்லை. பாசிலியாவின் கடையில் தகர வீட்டுக்கும் தகர லாரிக்கும் அடிதடி. தெல்ஃபினாவின் மேஜைக்கு வந்தவர்கள் படத்தைக் கையில் எடுப்பார்கள், "ஐயோ, நம்ம சந்து" என்பார்கள், பக்கத்தில் இருப்பவரை இடித்துக் காட்டுவார்கள், அப்புறம் எந்த இடத்திலிருந்து எடுத்தார்களோ அந்த இடத்திலேயே நெருப்பை வைக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போவார்கள். ஓர் அம்மாள் மட்டும் க்யூ படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இதுல எத்தனை பேரு நிக்கறாங்க?"

"எண்ணல. நூறுக்கு மேல இருக்கும்."

"நான் மார்க்கெட்ல சூப்புக் கடை வச்சிருக்கேன். தினமும் இத்தனை பேரு என் கடை முன்னாடி நின்னா போதும்." ஐந்து வாங்கிக்கொண்டு போனாள்.

பாசிலியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாருங்க அண்ணி, உங்க சரக்குக்கும் புத்திசாலி ஒருத்தி வந்துட்டா. அடுத்தது எவனாவது அந்த மினிபஸ்ஸ கேட்கப்போறான், எனக்கொரு வண்டி வேணும்னு."

"அது விக்கறதுக்கில்ல. அது உன்னுது."

பாசிலியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. தகர லாரிகளை ஒரு தடவை கலைத்து மறுபடி அடுக்கினாள். பதினொன்றே காலுக்கு எழுந்து, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பூவும் ஒயினும் வாங்கி வருகிறேன், அப்படியே பூசாரியிடம் இடம் சொல்லி வைத்துவிட்டு வருகிறேன் என்று கூட்டத்துக்குள் புகுந்து போனாள். மற்ற வருஷங்களில் அண்ணியையும் இழுத்துக்கொண்டு போவாள். இந்தத் தடவை கூப்பிடவில்லை.

அவள் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் பாசிலியாவின் கடை முன்னால் வந்து நின்றான். தோளில் புதுப் பை, காலில் புது ஷூ, மழைக்குத் தாங்காத மெல்லிய சட்டை. வெளியூரில் சம்பாதித்துவிட்டு வந்தவன் என்று எழுதி ஒட்டாத குறைதான்.

"அக்கா, தையல் மிஷின் ஒரு ஆறு கொடுங்க. நல்ல மிஷினாப் பார்த்து."

"ஆறா?"

"சொந்தமா பட்டறை போடணும். கேட்கறதுதான் கேட்கறோம், ஒண்ணு ரெண்டுன்னு கேட்டு எதுக்கு சாமிய அவமானப்படுத்தணும்?"

தெல்ஃபினா ஆறு தகர மிஷின்களைப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் வேடிக்கை பார்த்துக்கொண்டே பக்கத்துக் கடைப் படங்களுக்கு வந்தான். வரிக்குதிரையைப் பார்த்துச் சிரித்தான். கஞ்சிக்கார அம்மாளைப் பார்த்துத் தலையாட்டினான். மினிபஸ் அட்டைக்கு வந்ததும் கயிற்றோடு அதைப் பிடித்து முகத்துக்குக் கிட்டே இழுத்தான்.

"அடடா, இது நம்ம லூசியோ இல்ல?"

தெல்ஃபினாவின் கையிலிருந்த காகிதம் அவிழ்ந்தது. "எந்த லூசியோ?"

"சாவோ பாவ்லோவுல எனக்குப் பக்கத்து மிஷின்க்கா. ரெண்டு வருஷமா பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து ஜீன்ஸ் தைச்சோம். தூங்கறான் பாருங்க, வாயைப் பொளந்துகிட்டு. ஈ போய்ட்டு வரும்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். நெமெசியோன்னு சொன்னா அவனுக்குத் தெரியும். நீங்களா வரைஞ்சது? எப்ப வந்தீங்க அங்க?"

"நான் வந்ததேயில்ல."

"சும்மா சொல்லாதீங்க. நேர்ல பார்க்காம இப்படி வரைய முடியுமா? அந்தக் கண்ணாடியப் பாருங்க. அக்டோபர்ல கம்பி ஒடைஞ்சு போச்சு. இடது பக்கம். நான்தான் நீல நூலு எடுத்து சுத்திக் கட்டிவிட்டேன். கறுப்பு நூலு கட்டுடான்னான், கையில இருந்தது நீலம்தான்னு கட்டிட்டேன். அதைக்கூட விடாம போட்டிருக்கீங்களே."

உயிரோடு இருக்கிறான். முதலில் அது ஒன்றுதான் அவள் மண்டைக்குள் ஏறியது. அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் எழும்பி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. 

"நல்லா இருக்காரா?"

"அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான். பொண்ணுக்குத்தான் நான் கிளம்பறப்ப காய்ச்சல். மூணு வயசு, அப்பன விட்டு நகராது. பட்டறைக்கே தூக்கிட்டு வந்து துணி மூட்டை மேல படுக்க வச்சிருந்தான். பொண்டாட்டி பராகுவேக்காரி, நல்ல மாதிரி. ஞாயித்துக்கிழமை எங்க எல்லாருக்கும் அவ வீட்டுலதான் சோறு." அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். "சாப்பிட்டு முடிச்சதும் லா பாஸ்ல இருக்கற தங்கச்சிக்கு வீடியோ போட்டுருவான். ஒரு ஞாயிறு தவறாது. கண்ணாடி ஒடைஞ்ச அன்னிக்குக்கூட தங்கச்சிகிட்ட காட்டிக் காட்டிச் சிரிச்சான். நாங்க எல்லாம் பின்னாடி நின்னு கையாட்டுவோம். இந்தச் சந்தையில எங்கயோதான் கடை வச்சிருக்காங்களாம். தேடிப் பார்க்கணும்."

நெஞ்சு வரை வந்த சந்தோஷம் வந்த வழியே இறங்கியது. தெல்ஃபினா காகிதத்தை மறுபடி சுற்றினாள். ஆறு மிஷின்களையும் அவன் கையில் வைத்தாள்.

"அந்த அட்டைய கொடுங்கக்கா. அவனுக்கு அனுப்பினா விழுந்து விழுந்து சிரிப்பான்."

"அது விக்கறதில்ல தம்பி. பன்னெண்டு ஆகப்போகுது. போங்க, பூசாரிகிட்ட கூட்டம் சேர்ந்துடும்."

அவன் போய்விட்டான். தெல்ஃபினா முக்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கால்தான் வலித்தது, காலையிலிருந்து நின்றதால்.

வழுக்கை, தொப்பை, எடுத்த மீசை, கண்ணாடி. ஒவ்வொன்றாக அட்டையில் பார்த்தாள். தான் யோசித்து யோசித்து வயசாக்கினதாக நினைத்துக்கொண்டிருந்த முகத்தில் தன்னுடையது என்று ஒன்றுமே இல்லை. திறந்த வாய் மட்டும் தனக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் பாசிலியா பார்த்துவிட்டு வந்து சொன்னது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் புருஷன் சமாதிக்குப் பூ வைக்கப் போகிறேன் என்று தனியாகக் கிளம்பிவிடுவாளே, அந்த மத்தியானங்களில் பார்த்தது. இவள் வீட்டில் உட்கார்ந்து நாத்திக்கும் சேர்த்துத் துணி துவைத்துப் போட்டுக்கொண்டிருந்த மத்தியானங்கள்.

பாசிலியா திரும்பி வரும்போது மணி பன்னிரண்டாகப் பதினைந்து நிமிஷம் இருந்தது. தலையெல்லாம் வண்ணக் காகிதத் துணுக்கு, ஒரு கையில் பூவிதழ்ப் பை, இன்னொரு கையில் ஒயின் புட்டி.

"அந்தப் பெரிய பூசாரிகிட்ட நிக்க முடியாது அண்ணி, மலை மாதிரி கூட்டம். அந்தப் பக்கம் ஒரு கிழவர், அவருகிட்ட சொல்லி வச்சுட்டேன். எடுங்க அட்டைய. இந்தாங்க காசு."

தெல்ஃபினா காசை வாங்கவில்லை. "பாசிலியா, கண்ணாடி எந்தப் பக்கம் ஒடைஞ்சது?"

"எந்தக் கண்ணாடி?"

"உங்க அண்ணன் கண்ணாடி."

"அதுவா, நான் என்னத்தைக் கண்டேன், சும்மா ஒரு அழகுக்குப் போடச் சொன்னேன்."

"இடது பக்கம். அக்டோபர் மாசம். நெமெசியோன்னு ஒரு தம்பி வந்துட்டுப் போச்சு. அதுதான் நூல் கட்டிவிட்டுச்சாம். உன்னைக்கூடத் தேடிட்டிருக்கு, கையாட்டின பழக்கமாம்."

 அந்த நேரம் பார்த்து ஒரு பெண் இடையில் புகுந்து தகர வீட்டைத் தூக்கிக் காட்டி என்ன விலை என்று கேட்டாள். பாசிலியா விலை சொன்னாள், பேரம் பேசினாள், கொடுத்தாள், சில்லறையும் எண்ணிக் கொடுத்தாள். 

"எத்தனை வருஷமா?" என்றாள் தெல்ஃபினா.

"நாலு."

"நம்பர் இல்லன்னு அந்தப் பொம்பளை பேசினப்பவே உனக்கு வேற நம்பர் இருந்தது."

"அண்ணன்தான் சொல்லாதன்னான். நானே சொல்றேன், அடுத்த மாசம் சொல்றேன், கிறிஸ்துமஸுக்குச் சொல்றேன்னான். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னான். அப்புறம் அந்தப் பொண்ணு வயித்துல உண்டாயிட்டா. அதுக்கப்புறம் நான் எந்த வாயால சொல்றது?"

"இந்த வாயாலதான். இதே வாயால தொப்பை போடுங்கன்னு சொல்லத் தெரிஞ்சுதே."

பாசிலியா பூவிதழ்ப் பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை சுலபமாக வரும், வந்தது. "நீங்க அந்தப் பழைய மூஞ்சியவே வரைஞ்சுகிட்டு இருந்தீங்க அண்ணி. முடி கறுகறுன்னு, மீசையோட.  அவன் அப்படி இல்லவே இல்லையே. எதையும்தான் சொல்ல முடியல, இதையாவது சொல்வோம்னு தோணுச்சு. ஒரு நிஜமாவது உங்க கைக்கு வந்து சேரட்டும்னு."

தெல்ஃபினாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தாள். லூசியோ மேல்கூடப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறு வருஷம் ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு மேடேறினவள், அது தன் வீட்டு மூட்டையே இல்லை என்று சொல்லிவிட்டால் உட்காரத்தான் தோன்றும். கத்துவதற்கு எங்கே தெம்பு?

"அந்தக் குழந்தைக்கு மூணு வயசாம்" என்றாள். "அது பொறந்ததுலேர்ந்து, வருஷா வருஷம் இந்த நாளு, அதோட அப்பனைப் பிடுங்கி எனக்குக் கொடுன்னு சாமி முன்னாடி நின்னிருக்கேன். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிஞ்சே பக்கத்துல நின்னு பூ போட்டிருக்க."

"நான் அதைக் கேட்கல அண்ணி."

"பின்ன என்னத்தைக் கேட்ட?"

பாசிலியா சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அட்டையில ஆளு மட்டுமா இருக்கு? அந்த வண்டி, அந்த மேடு, நம்ம தெரு, எல்லாம் இருக்கே. நீங்க அடுத்த வருஷமும் இங்கேயே உட்கார்ந்து வரையணும்னு கேட்டேன். காத்துக்கிட்டிருக்கற வரைக்கும் நீங்க போகமாட்டீங்க. சொல்லிட்டா தாரிஹாவுக்குப் போயிருவீங்க. நான் அந்த வீட்டுல தனியா யாரு முதுகுக்குப் பின்னாடி போய் நிக்கறது?"

தெல்ஃபினா அவளைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருப்பதும் ஒரு வேலைதான், அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் சொல்லியிருந்தால் ஒருவேளை அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், ஆறு மாசம் பேசாமல் இருந்திருப்பாள், அப்புறம் இரண்டு பேருமாக அவனைத் திட்டிக்கொண்டே அதே வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்கள். யார் கண்டது?

சர்ச் மணி அடிக்க ஆரம்பித்தது. கூடவே சைரன். பூங்கா முழுக்க ஒரே சமயத்தில் கிளம்பியது. ஆளாளுக்கு வீட்டையும் காரையும் நோட்டுக்கட்டையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூசாரிகளைப் பார்க்க ஓடினார்கள். புகை திட்டுத் திட்டாக எழும்பிற்று. பாசிலியா பழக்க தோஷத்தில் கயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"என்ன பண்ணட்டும் அண்ணி? மணி அடிச்சிருச்சு."

தெல்ஃபினா எழுந்து கிளிப்பைக் கழற்றினாள். லூசியோ தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பாட்டுக்கு அவன் வண்டியில் போகட்டும். அட்டையை மற்ற அட்டைகளின் மேல் வைத்து அடுக்கை நேராக்கினாள். நாளைக்கு வழக்கமான கடைகளுக்குப் போடும்போது இதுவும் போகும். யாரோ ஒரு சுற்றுலாக்காரர் வாங்கித் தன் ஊருக்கு அனுப்புவார்.

"ஓடினாத்தான் அந்தக் கிழவரைப் பிடிக்க முடியும்" என்றாள் பாசிலியா. என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்ன மாதிரி இருந்தது.

தெல்ஃபினா நாத்தியின் கடைப் பக்கம் திரும்பினாள். தகர வீடுகள், லாரிகள், மிஷின்களுக்குப் பின்னால் மேல்தட்டில் பெட்டிகள் வரிசையாக இருந்தன, கட்டைவிரல் அளவில், கைப்பிடியும் பூட்டும் வைத்து. வெளியூர் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் வாங்குவது.

"அதுல ஒரு பெட்டி எடு" என்றாள். "நம்ம கடைச் சாமான நானா எடுத்தா பலிக்காது. நீதான் எடுத்துக் கொடுக்கணும்."

பாசிலியாவின் கை தட்டு வரைக்கும் போயிற்று. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் பச்சை நிறப் பெட்டியை எடுத்தாள், பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்திலிருந்த இன்னொன்றின் மேலும் விரலை வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ரெண்டு எடுக்கட்டுமா அண்ணி?"

தெல்ஃபினா குனிந்து கீழே இருந்த பூவிதழ்ப் பையை எடுத்தாள்.

"ஒண்ணு போதும்" என்றாள்.

பாசிலியா விரலை எடுத்துக்கொண்டாள். பச்சைப் பெட்டியை இரண்டு கையாலும் அண்ணியிடம் கொடுத்தாள்.